இரண்டரை நட்சத்திரம்

முந்நூறு சொல் கேட்டார் குகமூர்த்தி,
வியாழன் பின்னேரத்துக்குள்.
ஆயிரத்தைந்நூறு ரூபாய்.
எப்போது என்று கேட்கக் கூடாது.

எழுதினேன்:
'தண்டவாளப் பூனைகள்' தங்கள் இரண்டாவது இசைத்தொகுப்பில்
ஆழத்தைத் தொலைத்துவிட்டார்கள்.
முதலாவதில் காணாமல்போனவர்களின் பெயர்கள் இருந்தன,
இதில் மின்சாரக் கட்டணம் இருக்கிறது.
டிலூஷாவின் குரல்
தன்னைவிடச் சிறிய வரிகளைத் தூக்கித் திரிகிறது.
ஐந்தாவது பாட்டில் தொடக்கம் முதல் முடிவு வரை
ஓர் இரைச்சல்.
ஒலிப்பதிவின் கவனக்குறைவு.
இரண்டரை நட்சத்திரம்.

அந்த அரைக்காக மட்டும்
ஒரு பிளேன்ரீ முடியும்வரை யோசித்தேன்,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலப் பத்திரிகை 'துணிச்சல்' என்றது.
எழுதியவருக்குத் தமிழ் தெரியாது,
அது அவருக்கு உதவியிருக்கிறது.
சிங்கள வானொலியில் ஓர் இளைஞன்
சமிலவின் பேஸ் கிட்டாரை மட்டும்
பதினொரு நிமிஷம் புகழ்ந்தான்.
பாரிசிலிருந்து ஒருவர்
'போரை மறந்த பிள்ளைகள்' என்று தொடங்கி
போரைப் பற்றியே எழுதி முடித்தார்.
தொகுப்பின் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை.

பெயர்: லிஃப்ட் வேலை செய்யாது.

வெள்ளவத்தையில் எங்கள் லிஃப்டும் வேலை செய்யாது.
மாசியில் ஒட்டிய தாள் இன்னும் கதவில் இருக்கிறது,
மூன்று மொழியிலும் மன்னிப்பு.
'வருந்துகிறோம்' என்பதை
தமிழில் மட்டும்
'வருத்துகிறோம்' என்று அடித்திருக்கிறார்கள்.
அதைவிட நேர்மையான அறிவித்தலை
இந்த நகரத்தில் நான் வாசித்ததில்லை.

அவள் ஆறாம் மாடி, நான் ஐந்து.
இதைக் குகமூர்த்தியிடம் சொல்லவில்லை.
நடுநிலை என்று
அதற்கு எனக்குள் ஒரு பெயர் வைத்திருந்தேன்.

பத்திரிகை வந்த ஞாயிறு
கேஸ் சிலிண்டரோடு படியடியில் நின்றாள்.
ஒளிய இடமில்லை.
ஒரு பக்கத்தை நான் பிடித்தேன்.
முதல் மாடி, மீன் பொரிக்கும் வாசம்.
இரண்டாம் மாடி, யாருடையதோ சைக்கிள்.
இருவரும் காஸ் விலையைப் பற்றிக் கதைத்தோம்
விலை கேட்டாலே மூச்சு வாங்கும்
என்பதுபோல் மூச்சு வாங்கினோம்.

மூன்றாம் மாடியில் இறக்கி வைத்தோம்.

"அந்த இரைச்சல்," என்றாள்,
"அது எங்கட தண்ணி மோட்டார்.
விடிய ஐஞ்சு மணிக்குப் போடுறது.
அதின்ட சுருதிக்குத்தான் பாட்டையே இறக்கினனாங்கள்.
ரிஃபாத் ரெண்டு கிழமை
படிக்கட்டில மைக்கோட படுத்தவன்,
செக்யூரிட்டி அவனைக் கள்ளன் எண்டு பிடிச்சது வேற கதை."

நான் கைவிரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்,
சிலிண்டர் வளையம் அதில் சிவப்பாய் ஒரு கோடு போட்டிருந்தது.

"ஆழம் இல்லை எண்டு எழுதியிருந்தீங்கள்.
அது கீழ, பேஸ்மென்டில கிடக்கு."
கோபமாகச் சொல்லவில்லை.
சாவி எங்கே இருக்கிறதென்று சொல்வதுபோல்.
பிறகு, "தூக்குவமா?"

திருத்தம் போடலாமா என்று குகமூர்த்தியிடம் கேட்டேன்.
அடுத்த ஞாயிறு முழுக்கக் காணி விளம்பரம், இடமில்லை என்றார்.
"எந்த மோட்டார் தம்பி?"

எட்டு வருஷமாக அந்தக் கட்டடத்தில் உறங்குகிறேன்.
காது கூர்மை என்று
என்னை நானே மேடைகளில் அறிமுகம் செய்திருக்கிறேன்.

திங்கள் விடிய ஐந்து மணி.
சுவருக்குள் அது எழும்பியது,
முதலில் ஓர் இருமல்,
பிறகு நீளமாக, சலிக்காமல், ஒரே சுரம்.
அதன்மேல் பாட்டு சரியாகப் போய் உட்கார்ந்தது.

பாட்டு சுமார்தான். இப்போதும் சொல்வேன்.
இரண்டாவது சரணத்தில் சொல் போதவில்லை,
முடிவு அவசரம்.
ஆனால் பல்லுத் தீட்டும்போது
வாய் அதைத்தான் முனகிக்கொண்டிருந்தது,
நுரையோடு,
பிழையான இடத்தில் மூச்சு விட்டு.

குழாயில் முதலில் காற்று வந்தது.
பிறகு துரு.
பிறகு தண்ணீர்.